இரவு ஷிப்டில் கப்பல்

முதுநகர் மீன் மார்க்கெட்டில்
ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடந்ததை
சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தேன்.
வீடு சேர்வதற்குள் பனியன் நனைந்திருந்தது.
போகிற இடமெல்லாம் தண்ணீர் என்று
கப்பல் எனப் பேர் வைத்தாள் மகள் சுடர்க்கொடி.

சோபாவின் கால், அரிசி டிரம்மின் முதுகு,
ஒருமுறை கேஸ் புத்தகம்,
பொங்கலுக்கு வாங்கி இன்னும் விரிக்காத பாய்.
எல்லாவற்றுக்கும் மேல்
என் கம்பெனி பூட்ஸ்.
அதுவும் கழற்றி வைத்த ஐந்தாவது நிமிஷம்,
நின்று, நிதானமாக,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஹாலெல்லாம் நாறுது என்பாள் இந்திராணி.
நம்பிக்கொள்வேன்.
பதினேழு வருஷம் சிப்காட்,
அதில் எட்டு வருஷம் அமோனியா லைன்.
என் மூக்கு முகத்துக்கு அழகு, அவ்வளவுதான்.
ரசம் கொதிப்பதைச் சத்தத்தில் அறிகிறவன்.
ஈரத்தை வெறுங்காலால்தான் தேடுவேன்.
காய்ந்துவிட்டால் எனக்கு அது இல்லை,
கப்பலுக்கு இருக்கிறது.
மறுநாள் அதே இடம் வந்து
விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒருநாள் பிடரியைப் பிடித்து
மூக்கை ஈரத்தில் தேய்த்தேன்.
பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏட்டு சொன்ன வைத்தியம்.
அது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று:
இவன் கண்ணில் படாமல் போக வேண்டும்.
அப்புறம் கட்டிலுக்கடியில் போனது.
என் காலடி கேட்டால்
தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு
பயத்தில் இன்னும் இரண்டு சொட்டு.

மஞ்சக்குப்பம் கால்நடை ஆஸ்பத்திரி.
டாக்டர் ரஹமத்துன்னிசா
கப்பலைப் பார்க்குமுன் என் பூட்ஸைப் பார்த்தார்.
குனிந்தார். முகர்ந்தார். முகம் சுளிக்கவில்லை.
"எதுல சார் வேலை?"
சொன்னேன்.
"தரை துடைக்க என்ன ஊத்துறீங்க?"
அதையும் சொன்னேன், கம்பெனியில் தருகிற கேன்.
"மூத்திரம் காய்ஞ்சா வர்ற நெடியும் அதுவும் ஒண்ணு.
நீங்க நடந்த இடமெல்லாம்
இங்க போலாம்னு அதுக்கு போர்டு."

இத்தனை வருஷமாக வீட்டுக்குள்
எதையெல்லாம் காலில் சுமந்து வந்தேன்
என்று ஒரு கேள்வி தொண்டை வரை வந்தது.
இந்திராணி பக்கத்தில் நின்றதால்
மாத்திரை விலையைக் கேட்டேன்.

பூட்ஸ் வெளியே, மீட்டர் பெட்டிக்குக் கீழே.
கேன் போய் வெந்நீரும் வினிகரும்.
தூங்கி எழுந்தால், தின்று முடித்தால்,
ஆடிக் களைத்தால் உடனே வாசலுக்கு.
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்.
வெளியே போனால் ஒரு வேகவைத்த நெத்திலி.
உள்ளே போனால் ஒன்றுமில்லை,
திட்டுகூட இல்லை.
திட்டாமலிருக்க இந்திராணிக்கு இரண்டு வாரம் பிடித்தது.
எனக்கு இன்னும் முடியவில்லை,
பல்லுக்குள் திட்டுகிறேன்.

ஐப்பசி பிறந்தது, எல்லாம் கெட்டது.
மழையில் கால் வைக்க மாட்டேன் என்றது.
குடையை அதற்குப் பிடித்து
நான் நனைந்து நின்றேன்.
தெருவிளக்குக் கம்பத்தை மூன்று சுற்று, நான்கு சுற்று,
பிறகு ஒரு இலையைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி.

மழை விட்ட இடைவெளியில்
காற்று கம்பெனிப் பக்கமிருந்து திரும்பியிருக்க வேண்டும்.
மாடி வீட்டில் ஒரு ஜன்னல் மூடியது.
எதிர்வீட்டில் இரண்டு.
எனக்கு அப்படித்தான் தெரியும்.

கப்பல் தலையைத் தூக்கி
தெற்கே பார்த்துத் தும்மியது.
என் உள்ளங்கையை முகர்ந்தது.
மறுபடி தெற்கை. மறுபடி கையை.
அப்புறம் கம்பத்தடியில் குந்தி
நெடுநேரம், நிம்மதியாக.

பையில் நெத்திலி நனைந்து கூழாகியிருந்தது.
விரலை நீட்டினேன், நக்கிக்கொண்டது.

உள்ளே வந்ததும் படுக்கவில்லை.
சோபாவின் கால், டிரம்மின் முதுகு,
கட்டிலுக்கடி என்று
பழைய இடங்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு போனது.
வினிகர் வாளியோடு
பின்னாலேயே போனேன்,
அது நின்ற இடத்திலெல்லாம் நின்று.